பாதிப் பொருத்தம்

பொருத்தம் என்னுஞ் சொல் தமிழர் இல்லங்களிற் பெரும்பாலும் திருமணப் பேச்சோடு சேர்ந்தே வழங்குவது. சோதிடர் இரண்டு சாதகங்களையும் விரித்துவைத்துப் பத்துப் பொருத்தங்களில் எத்தனை அமைந்துள்ளன என்று எண்ணுவார். பாதிக்கு மேல் இருந்தாற் போதுமென்று பெற்றோர் ஆறுதல் கொள்வர். மருத்துவ உலகிலும் உயிர்ப் பொருத்தம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே நெடுங்காலமாகப் பாதி போதாதென்றே முடிவு சொல்லப்பட்டு வந்தது. குருதிப் புற்றுநோய் கண்டு, வேறு மருந்துகளாற் குணமடைய வழியற்று, பிறர் ஒருவருடைய என்புமச்சையையே நம்பியிருந்த நோயாளர் பலருக்கு, பெற்ற தாய் அருகில் நின்றும், வளர்த்த மகன் அருகில் நின்றும் பயன் ஏற்படவில்லை. அவர்கள் கொடுக்க முன்வந்தது பாதிப் பொருத்தமுள்ள மச்சையாக இருந்தமையே அதற்குக் காரணம். அந்தப் பாதி எவ்வாறு போதுமானதாயிற்று என்பதே இங்கு கூறப்படும் வரலாறு.

எலும்புகளின் உட்பகுதியில் உள்ள மென்மையான பொருளே என்புமச்சை. குருதியின் செங்குழியங்களும் வெண்குழியங்களும், குருதியை உறையச் செய்யுஞ் சிறுதட்டுக்களும் அங்கேயே பிறக்கின்றன. இவை யாவற்றையும் பிறப்பிக்கும் தாய்க்கலங்களுக்கு மூலக்கலங்கள் என்று பெயர். இந்தப் பிறப்பிடத்திலே ஒரு வகை வெண்குழியம் அளவுக்கும் ஒழுங்குக்கும் அடங்காமற் பெருகத் தொடங்கினால் அதுவே குருதிப் புற்றுநோயாகின்றது. கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் அதனை அழிக்க முற்படும்போது, நோயோடு மச்சையும் அழிந்துவிடுகின்றது. மச்சை அழிந்தவர் சில கிழமைகளுக்கு மேல் உயிர்வாழ்தல் அரிது. எனவே அழித்த இடத்திற் புதிய மச்சையை நாட்ட முடியுமா என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவை உலகத்தின் முன் வைத்தது ஒரு பெருங்கொடுமை. 1945 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஹிரோஷிமா, நாகசாக்கி ஆகிய நகரங்களில் அணுகுண்டு வீழ்ந்தது. தீயினாலும் இடிபாட்டினாலும் மாண்டவர் போக, வெளியே காயமின்றித் தப்பியவர்களிற் பலரும் சில நாட்களின் பின் குருதி கசிந்தும், காய்ச்சல் கண்டும் இறந்தனர். கதிர்வீச்சு அவர்களுடைய மச்சையை அழித்திருந்தது. இவ்வகை மரணத்தைத் தடுக்க வழியுண்டா என்று பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் தேடத் தொடங்கின.

1949 ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோன் ஜேக்கப்சன் ஓர் உண்மையைக் கண்டார். சுண்டெலிகளுக்கு உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சைச் செலுத்தும்போது, அவற்றின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிக் காத்தால் அவை பிழைத்துக்கொண்டன. சுண்டெலியின் மண்ணீரல் குருதியை ஆக்கவல்லது. இரண்டு ஆண்டுகளின் பின், 1951 இல், ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எகன் லோரன்சும் அவருடைய துணைவரும், வேறொரு விலங்கின் மச்சையை ஊசிமூலம் ஏற்றினாலும் அதே பயன் உண்டாதலைக் காட்டினர். மச்சையிலிருந்து ஊறும் ஏதோ ஒரு சாறுதான் உயிர் காக்கின்றது என்று அக்காலத்திற் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தை 1956 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆராய்ச்சிக்கூடம் தீர்த்துவைத்தது. தனி அடையாளமுள்ள நிறமூர்த்தத்தைக் கொண்ட சுண்டெலிகளிலிருந்து மச்சை எடுத்து ஏற்றியபின் ஆராய்ந்தபோது, பிழைத்த சுண்டெலியின் மச்சையில் அதே அடையாளம் காணப்பட்டது. உயிரைக் காத்தது சாறன்று. கொடையாளியின் கலங்களே அந்நிய உடலிற் குடியேறி வாழத் தொடங்கியிருந்தன.

சுண்டெலியிற் கூடியது மனிதனிற் கூடுமா? நியூயோர்க் மாநிலத்திலே கூப்பர்சுடவுண் என்னுஞ் சிற்றூர் வைத்தியசாலையிற் பணியாற்றிய டொனல் தோமஸ் என்பவர், 1957 ஆம் ஆண்டில் ஆறு நோயாளருக்கு மச்சை ஏற்றிய செய்தியை வெளியிட்டார். ஆறு பேரில் ஒருவரும் நெடுநாள் வாழவில்லை. 1959 இல், வெண்குழியப் புற்றுநோய் கண்டவருக்கு, உருவும் பிறப்பும் ஒத்த இரட்டையரின் மச்சையை அவர் ஏற்றினார். மச்சை வேர்விட்டது; ஆயின் சில மாதங்களில் நோய் மீண்டது. கதிர்வீச்சு மட்டும் நோயை வேரறுக்கப் போதாது என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஒரு விபத்து நேர்ந்தது. 1958 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் யூகோஸ்லாவியாவின் வின்சா என்னுமிடத்து அணு உலையிலே பணிபுரிந்த ஆறு பேர் கடுங் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களைப் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். அங்கே ஜோர்ஜ் மத்தே என்னும் மருத்துவர், முன்பின் அறியாத பிரான்சு நாட்டவர் மனமுவந்து வழங்கிய மச்சையை அவர்களில் ஐவருக்கு ஏற்றினார். ஐவரில் நால்வர் பிழைத்தனர். ஏற்றிய மச்சை அவர்களிடம் நிலைத்திருக்கவில்லை. தங்கள் சொந்த மச்சை மீண்டும் தளிர்த்த பின்னரே அவர்கள் நலமடைந்தனர். எனினும் நாடும் மொழியும் வேறான ஒருவருக்குத் தன் எலும்பினுள் இருப்பதை ஈந்த அந்த மனிதநேயம் வரலாற்றில் இடம்பெற்றது.

மத்தே பின்னர் குருதிப் புற்றுநோயாளருக்கும் இம்முறையைக் கையாண்டார். அப்போது சுண்டெலிகளில் முன்னரே காணப்பட்டிருந்த ஒரு பேராபத்து மனிதரிடமும் தலைகாட்டியது. சிறுநீரகத்தையோ தோலையோ ஒருவரிலிருந்து மற்றொருவருக்கு ஒட்டும்போது, ஏற்கும் உடலே ஒட்டை அந்நியமென்று கண்டு தள்ளிவிட முயல்கின்றது. மச்சையின் நிலை வேறு. மச்சையோடு வரும் வெண்குழியங்களே உடலின் காவற்படையாகும். அவை புதிய உடலினுட் புகுந்ததும், அவ்வுடல் முழுவதையும் அந்நியமென்று கருதித் தாக்குகின்றன. தோல் உரிகின்றது, குடல் புண்ணாகின்றது, ஈரல் பழுதாகின்றது. விருந்துக்கு வந்தவர் வீட்டைக் கொளுத்துவது போன்ற இந்நிலையை ஒட்டின் தாக்குதல் என்று கூறலாம். இத்தாக்குதலுக்கு மற்றொரு முகமும் உண்டு. உடலிற் பதுங்கியிருக்கும் புற்றுநோய்க் கலங்களையும் அந்தப் புதிய படையே தேடி அழிக்கின்றது. 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஒட்டின் தாக்குதலுக்கு ஆளானவர்களிற் புற்றுநோய் மீளுதல் குறைவென்று காட்டிற்று. தீமையும் நன்மையும் ஒரே கலத்திற் குடியிருந்தமையால், ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கொள்வதே பின்வந்த அறுபது ஆண்டுகளின் முயற்சியாயிற்று.

அந்நியம் என்பதைக் கலம் எவ்வாறு அறிகின்றது? 1958 ஆம் ஆண்டில் பாரிசைச் சேர்ந்த ஜீன் டோசே, வெண்குழியங்களின் மேல் ஆளுக்காள் வேறுபடும் அடையாளம் ஒன்றைக் கண்டார். அதே காலத்தில் ஒல்லாந்தில் யோன் வான் றூட், ஐக்கிய அமெரிக்காவில் றோஸ் பெயின் ஆகியோர், பிள்ளை பெற்ற பெண்களின் குருதியிலே தம் பிள்ளையின் வெண்குழியங்களை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டனர். இந்த அடையாளத் தொகுதிக்குப் பின்னர் எச்.எல்.ஏ. என்று பெயர் வந்தது. அதற்குரிய பரம்பரையலகுகள் ஆறாம் நிறமூர்த்தத்தில் ஒன்றையொன்று அடுத்து நெருங்கி அமைந்துள்ளன. ஆதலால் அவை பெரும்பாலும் பிரியாமல் ஒரு முடிச்சாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. ஒவ்வொருவரிடமும் இரண்டு முடிச்சுக்கள் உண்டு. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது.

இதிலிருந்து ஒரு குடும்பக் கணக்குப் பிறக்கின்றது. ஒரே தாய்தந்தையர் வயிற்றிற் பிறந்த இருவருக்கு இரு முடிச்சுக்களும் ஒத்திருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. ஒன்று மட்டும் ஒத்திருக்கும் வாய்ப்பு நாலில் இரண்டு. ஒன்றும் ஒவ்வாதிருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலோ வாய்ப்பு என்னும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஒரு முடிச்சு எப்பொழுதும் ஒத்திருக்கும்.

அடையாளங்களை அளந்தறியும் வழி தெரிந்தபின், 1968 ஆம் ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் றொபேட் குட் குழுவினர், நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த குழந்தையொன்றைச் சகோதரியின் மச்சையாற் காப்பாற்றினர். தோமஸ் 1963 இல் சியாற்றில் நகருக்குச் சென்று, பலரும் கைவிட்ட முயற்சியை நாய்களில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தார். 1977 இல் அவரது குழு வெளியிட்ட அறிக்கை, வேறு வழியற்ற நிலையில் மச்சை ஏற்றப்பட்ட 100 நோயாளரைப் பற்றியது. அவர்களில் 13 பேர் நோயின்றி வாழ்ந்திருந்தனர். நூற்றுக்குப் பதின்மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த நூறு பேரிலும் ஒருவரேனும் பிழைப்பரென்று எதிர்பார்க்கப்படாத காலம் அது. நோய் தணிந்திருக்கும் வேளையிலேயே மச்சையை ஏற்றியபோது பயன் மேலும் உயர்ந்தது. டோசேக்கு 1980 இலும் தோமசுக்கு 1990 இலும் நோபெல் பரிசுகள் கிடைத்தன.

வெற்றி வந்தது, அவ்வெற்றியோடு ஒரு வேலியும் எழுந்தது. பொருத்தமான சகோதரர் உள்ளவருக்கே இம்மருத்துவம் உரியதாயிற்று. உடன்பிறப்பில்லாதவரும், உடன்பிறந்தும் ஒவ்வாதவரும் வேலிக்கு வெளியே நின்றனர். முன்பின் அறியாதவர்களிடையே பொருத்தமானவரைத் தேடும் முயற்சி இங்கிலாந்தில் முளைத்தது. ஷேர்லி நோலன் என்னுந் தாய், தன் மகன் அந்தனிக்காக 1974 இல் இலண்டனில் ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்கு ஒரு கொடையாளி கிடைக்கவில்லை. 1979 இல் அவன் இறந்தான். பதிவேடு வளர்ந்தது; பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. 1988 இல் பாரிசில் எலியன் குளுக்மன், பிறந்த குழந்தையின் கொப்பூழ்க்கொடிக் குருதியிலுள்ள மூலக்கலங்களை ஏற்றி மற்றொரு வழியையும் திறந்தார். ஆயினும் கொடிக்குருதி அளவிற் சிறிது. வளர்ந்தவரின் உடலுக்கு அது பலமுறை போதாதிருந்தது.

பதிவேடுகளாலும் வேலி முற்றாக அகலவில்லை. அடையாளங்கள் குலத்துக்குக் குலம், நிலத்துக்கு நிலம் வேறுபடுபவை. 2014 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய வழிவந்த நோயாளரில் நூற்றுக்கு 75 பேருக்கு முழுப்பொருத்தமுள்ள கொடையாளி இருத்தல் கூடுமென்றும், ஆபிரிக்க அமெரிக்கருக்கு அது நூற்றுக்கு 19 அளவில் நின்றதென்றும் தெரியவந்தது. கலப்பு மணத்திற் பிறந்தோரும், பதிவேடே இல்லாத நாடுகளிற் பிறந்தோரும் இன்னும் பின்னே நின்றனர். தேடலுக்கு வாரங்களும் மாதங்களும் ஆயின; நோயோ காத்திருக்கவில்லை. இத்தனை தேடலுக்கும் நடுவே, பாதிப் பொருத்தமுள்ள தாயோ, தந்தையோ, மகளோ கட்டிலருகே அமர்ந்திருந்தனர்.

அவர்களின் மச்சையைப் பயன்படுத்த எவரும் முயலவில்லை என்பதல்ல. 1970 ஆம் ஆண்டுகளிலும் 80 ஆம் ஆண்டுகளிலும் பல இடங்களில் முயன்றனர். 1983 இல் இலண்டன் றோயல் மார்ஸ்டன் வைத்தியசாலையினர் அவ்வாறான சிகிச்சை பெற்றோரைப் பற்றி எழுதியபோது, நுரையீரலில் நீர் கோத்தலும், வலிப்பும், சிறுநீரகச் செயலிழப்புமே பெரிதும் பேசப்பட்டன. பொருத்தம் குறையக் குறைய ஒட்டின் தாக்குதல் கடுமையாதலைப் பிற ஆய்வுகளும் காட்டின. வளர்ந்தவருக்குப் பாதிப் பொருத்தம் ஆகாது என்னும் முடிவு பாடநூல்களில் இடம்பெற்றது.

தாக்குவது ‘ரி’ எனப்படும் ஒருவகை நிணநீர்க்கலமாயின், அதனை முன்கூட்டியே அகற்றிவிட்டால் என்ன? இஸ்ரவேல் நாட்டின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த யாயீர் றைஸ்னர் இவ்வழியிற் சென்றார். சோயா அவரையிலிருந்து பெறப்படும் ஒரு புரதம் சில கலங்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச்செய்யும். அதனைக் கொண்டு மச்சையிலிருந்து ‘ரி’ கலங்களைப் பிரித்தெடுக்க முடிந்தது. நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த குழந்தைகளுக்கு 1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் இவ்வாறு தூய்மையாக்கிய பெற்றோரின் மச்சையை ஏற்றியபோது அவர்கள் பிழைத்தனர். ஆனால் குருதிப் புற்றுநோய் கண்ட வளர்ந்தவரில் அது வேர்விடவில்லை. குழந்தையிடம் எதிர்க்கும் படையே இல்லை. வளர்ந்தவரிடமோ கதிர்வீச்சுக்குத் தப்பிய சிறு படை எஞ்சியிருந்து, காவலற்று வந்த மச்சையைக் கொன்றது.

இத்தாலியின் பெருஜியா நகரில் மாசிமோ மார்ட்டெலி தலைமையிலான குழுவினர் றைஸ்னரோடு சேர்ந்து இதற்கு விடை கண்டனர். படையில்லாதவர் வெல்ல வேண்டுமானாற் பெருந்தொகையாகச் செல்ல வேண்டும். மச்சையிலிருந்து மூலக்கலங்களைக் குருதிக்குள் இறங்கச்செய்யும் ஊக்கமருந்து அப்போது கைக்கு வந்திருந்தது. அதனைக் கொடையாளிக்குக் கொடுத்துத் திரட்டிய மூலக்கலங்களை, வழமையினும் பன்மடங்காக 1993 ஆம் ஆண்டு முதல் ஏற்றினர். 1998 இல் 43 நோயாளரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. பாதிப் பொருத்தமுள்ள மச்சை வளர்ந்தவரில் வேர்விட்டது. ஒட்டின் தாக்குதலும் மிகக் குறைந்திருந்தது. பாதிப் பொருத்தம் ஆகாது என்ற முடிவு முதன்முறையாக உடைந்தது இங்கேயே. ஆயினும் ‘ரி’ கலங்கள் இன்றி வந்த புதிய உடற்காவல் எழுந்து நிற்க நெடுநாட் பிடித்தது. அவ்விடைக்காலத்திற் கிருமிகளும் பூஞ்சணங்களும் பலரின் உயிரைக் கவர்ந்தன. கலங்களைப் பிரிக்கும் பொறிகளும் பெருஞ்செலவு வேண்டுவன.

சீனாவில் வேறொரு தேவை வேறொரு வழியைப் பிறப்பித்தது. 1980 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்து 2015 ஆம் ஆண்டு வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையால், ஒரு தலைமுறை முழுவதும் பெரும்பாலும் உடன்பிறப்பின்றி வளர்ந்தது. அத்தலைமுறையினர் நோயுற்றபோது, பெற்றோரையன்றிக் கொடையாளிகளாக வேறு எவரும் இருக்கவில்லை. பேக்கிங் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் சியாவோ ஜூன் குழுவினர் 2000 ஆம் ஆண்டளவிலிருந்து, ‘ரி’ கலங்களை அகற்றாமல், கொடையாளிக்கு ஊக்கமருந்தும் நோயாளிக்கு எதிர்ப்படையைத் தணிக்குஞ் சீரமும் கொடுத்துப் பாதிப் பொருத்த மச்சையை ஏற்றி வெற்றி கண்டனர்.

உலகில் மிகவும் பரவிய வழி, பழைய மருந்தொன்றின் வழியாகும். முதலாம் உலகப்போரில் வீரரைக் கொன்ற கடுகு வாயு, அவர்களின் வெண்குழியங்களையும் அழித்திருந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த சேர்வையொன்றை 1942 இல் ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தனர். அவ்வழியில் 1958 இல் ஜேர்மனியில் ஆக்கப்பட்டதே சைக்ளோபொஸ்பமைட் என்னும் மருந்து. 1963 ஆம் ஆண்டிற் பேரன்போம், பிரவுண் ஆகிய இருவர் சுண்டெலிகளில் அந்நியத் தோலை ஒட்டி, இம்மருந்தை ஒரே ஒரு முறை கொடுத்து ஆராய்ந்தனர். ஒட்டியபின் சில நாட்கள் பொறுத்துக் கொடுத்தபோது ஒட்டு நீடித்து வாழ்ந்தது. 1966 இற் பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சந்தோஸ், அல்பேட் ஓவன்ஸ் ஆகியோர், எலிகளில் ஒட்டின் தாக்குதலை இம்மருந்து தணித்தலைக் காட்டினர். ஆயின் மனிதரில் இதனைச் சிறுசிறு அளவாகவே கொடுத்து வந்தமையால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. பின்னர் சைக்ளோஸ்போரின் என்னும் வேறு மருந்து வந்ததும் பழைய வழி மறக்கப்பட்டது. யப்பானின் கியூஷூப் பல்கலைக்கழகத்தில் மயூமி என்பவர் 1980 ஆம் ஆண்டுகளில் அதனை விலங்குகளில் விடாது ஆராய்ந்து வந்தார்.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆராய்ச்சியாளரான லியோ லூஸ்னிக், எப்ராயிம் பியூக்ஸ் ஆகியோர் இவ்விழையை மீண்டும் எடுத்தனர். 2001 இற் சுண்டெலிகளிலும், 2002 இல் 13 நோயாளரிலும் கண்ட முடிவுகள் வெளிவந்தன. அம்முறையின் நுட்பத்தை விளக்க வயலுக்குச் செல்வது நன்று. அனுபவமுள்ள கமக்காரன் முதலுழவின் பின் உடனே விதைப்பதில்லை. மண்ணிற் கிடக்கும் களைவிதைகளை முளைக்கவிட்டு, முளைத்தபின் மறு உழவால் அவற்றை அழிப்பான். விதையாய் உறங்குங் களையை அழிப்பது அரிது. முளைத்த களையை அழிப்பது எளிது. அதேபோல, மச்சை ஏற்றியவுடன் கொடையாளியின் ‘ரி’ கலங்களிலும் நோயாளியின் ‘ரி’ கலங்களிலும் ஒன்றையொன்று அந்நியமென்று கண்டவை மாத்திரம் விழித்தெழுந்து விரைந்து பெருகுகின்றன. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபொஸ்பமைட் பேரளவில் ஏற்றப்படுகின்றது. பெருகும் கலங்களே அம்மருந்துக்கு முதலில் இரையாகின்றன. கிருமிகளை எதிர்க்கவேண்டிய ஏனைய ‘ரி’ கலங்கள் உறங்கியிருப்பதாற் பல தப்பிக்கொள்கின்றன. மூலக்கலங்களோ அம்மருந்தை முறிக்கும் நொதியத்தைத் தம்முள் நிறையக் கொண்டிருப்பதால் அழிவதில்லை. தப்பிய கலங்களுள், சண்டையைத் தணிக்கும் ஒழுங்குபடுத்துங் கலங்களுக்கும் பெரும்பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் சேர்த்துரைத்தன.

2008 இல் பால்டிமோரிலும் சியாற்றிலிலும் சிகிச்சை பெற்ற 68 பேரைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. முன்னேற்பாட்டு மருந்துகளின் கடுமையைக் குறைத்திருந்தமையால், வயது முதிர்ந்தோரும் அச்சிகிச்சையைத் தாங்கினர். முதலாண்டில் நோயல்லாத பிற காரணங்களால் இறந்தோர் நூற்றுக்கு 15 அளவினரே. ஆனால் அதே ஓராண்டிற் புற்றுநோய் மீண்டவர் நூற்றுக்கு 51 அளவினர். கதவு திறந்தது, அதன் அப்பாலும் நோய் காத்திருந்தது என்பதை அந்த இரண்டு எண்களும் மறையாமற் கூறின.

இம்முறைக்குக் கலம்பிரிக்கும் பொறி வேண்டியதில்லை. மருந்தோ பழையது, விலை குறைந்தது. எனவே பெரும்பதிவேடுகள் இல்லாத நாடுகளிலும் அது விரைந்து பரவியது. 1986 ஆம் ஆண்டில் என்புமச்சை மாற்றத்தைத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அதனைக் கையாண்ட நிலையங்களுள் ஒன்று. 2021 ஆம் ஆண்டில், வளர்ந்த நோயாளர் 368 பேரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொடிக்குருதியும் மறுபகுதியினருக்குப் பாதிப் பொருத்த உறவினரின் மச்சையும் ஏற்றிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நோய் முற்றாது வாழ்ந்தோர் தொகையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் கொடிக்குருதி பெற்றவரில் நூற்றுக்கு 46, உறவினரின் மச்சை பெற்றவரில் நூற்றுக்கு 57.

2023 ஆம் ஆண்டில் வந்த முடிவு இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பமெனலாம். பாதிப் பொருத்தத்தைச் சமாளிக்கவென்று உருவாகிய அதே மருந்துமுறையை, முழுப்பொருத்தமுள்ள கொடையாளரிடம் மச்சை பெற்றோருக்கும் கொடுத்துப் பார்த்தனர். 431 பேர் பங்குகொண்ட அந்த ஆய்வில், கடுமையான ஒட்டின் தாக்குதலும் நோய் மீளுதலும் இன்றி ஓராண்டைக் கடந்தோர், புதிய முறையில் நூற்றுக்கு 52.7, பழைய முறையில் நூற்றுக்கு 34.9. வேலிக்கு வெளியே நின்றவருக்காகத் தேடப்பட்ட மருந்து, வேலிக்குள் இருந்தவருக்கும் நன்மை செய்தது.

எனினும் இவ்வழி குறையற்றதன்று. 2009 இல் மிலான் நகர ஆராய்ச்சியாளர், சிலரில் மீண்டெழுந்த புற்றுநோய்க் கலங்கள், பொருந்தாத அந்தப் பாதி அடையாளத்தையே உதறிவிட்டுப் புதிய காவற்படையின் கண்ணிலிருந்து மறைந்துகொள்வதைக் கண்டனர். மற்றொன்று, றோஸ் பெயினும் வான் றூட்டும் 1958 இற் கண்ட அதே பிறபொருளெதிரி. பல பிள்ளைகளைப் பெற்ற தாயின் குருதியில், அப்பிள்ளைகளின் தந்தைவழி அடையாளங்களுக்கு எதிரான படைக்கலம் நிலைத்திருக்கலாம். அத்தாய் நோயுற்றால், அவள் பெற்ற பிள்ளையின் மச்சையையே அவளுடல் தள்ளிவிடக்கூடும். ஆகவே உறவினர் பலருள் எவரைத் தெரிவது என்பதை மருத்துவர் முன்கூட்டியே சோதித்து அறிகின்றனர்; பெரும்பாலும் இளவயதினரை விரும்புகின்றனர். நோய் மீளுதலும் கிருமித்தொற்றும் இன்றும் நோயாளரின் உயிரைக் கவர்ந்தவண்ணமே உள்ளன.

கூப்பர்சுடவுணில் இறந்த அறுவர் முதலாக, தம் உடலையே சோதனைக்களமாக ஒப்புவித்த நோயாளர் பலர் இவ்வரலாற்றிற் பெயரின்றி நிற்கின்றனர். அவர்கள் பெறாத பயனைப் பின்வந்தோர் பெற்றனர். உடன்பிறப்பற்ற ஒருவருக்கு மருத்துவர் குருதிப் புற்றுநோயென்று கூறும் வேளையில், கொடையாளியைத் தேடும் பணி ஒருகாலத்திற் கடல்கடந்த பதிவேடுகளில் தொடங்கியது. பாதிப் பொருத்தம் போதுமென்றான பின், தாய் எங்கே, தந்தை எங்கே, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தேடல் அவருடைய வீட்டிலேயே தொடங்குகின்றது.